பூச்சி கிடைச்சிட்டுது

மழை விட்ட காலையில் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளிக்கிட்டால், ஒழுங்கையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கார்த்திகைப்பூ எடுக்கவோ?" இல்லை. கார்த்திகைப்பூ எடுக்க ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அது வடிவான பூ, அதோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. மழை பெய்தால் இந்த மண்ணில் பூக்கிறது அது ஒன்றுதான் என்று நினைக்கிறவர்களோடுதான் என் கோபம். வாய்க்கால் ஓரத்தில் நீர்முள்ளி ஊதா நிறத்தில் பூத்து நிற்கிறது. வேலிக்கரையில் தும்பை. வயல் வரம்பில் நெருஞ்சி, பொன்னாங்காணி, மூக்குத்தி அளவில் மஞ்சள் மஞ்சளாகப் பெயர் தெரியாத பூக்கள். பெயர் தெரியாதவைதான் கூட. பெயர் தெரியாமலும் படம் எடுக்கலாம், அவை கோபிப்பதில்லை.

குனிந்து பார்க்கிற பழக்கம் எனக்குக் கமராவால் வந்ததல்ல. மீளக்குடியேறின காலத்தில் வந்தது. மிதிவெடி எடுத்து முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகும் நாங்கள் நெடுங்காலம் நிலத்தைப் பார்த்துத்தான் நடந்தோம். காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்த கண்ணுக்கு எறும்பு தெரியும், அது இழுத்துக்கொண்டு போகிற ஈசல் சிறகும் தெரியும். கொழும்பிலிருந்து வந்த படக்காரர் ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது என்று மெச்சினார். எங்கே பழகினீர்கள் என்றும் கேட்டார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

எனக்கு வேலை கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில். படம் எடுப்பது முதலாளி, கணினிக்கு முன்னால் இருந்து அல்பம் செய்வது நான். சாமத்தியவீடு, கலியாணவீடு எல்லாம் வரும். எல்லாவற்றையும்விடக் கூட வருவது பிள்ளைகளின் முதலாவது பிறந்தநாள். பிள்ளையின் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒரு வடிவான பின்னணியில் இருத்த வேண்டும். முதலாளியிடம் இருந்த பின்னணிகள் எல்லாம் வெளிநாட்டுச் சாமான்கள். பனி கொட்டுகிற மலை, அப்பிள் மரம், வரிசை வரிசையாக நாங்கள் கண்ணால் கண்டிராத பூக்கள். ஒருநாள் வயல்காரர் ஒருவரின் பெண்பிள்ளை, எண்ணெய் வைத்து வாரின தலையும் பெரிய கறுப்புப் பொட்டுமாக, பனிமலைக்கு முன்னால் கையில்லாத சட்டையோடு இருந்தாள். பிள்ளைக்குக் குளிராதா என்று முதலாளியைக் கேட்டேன். அப்படியென்றால் நீரே ஒன்று எடுத்துக்கொண்டு வாரும் என்று சொல்லி, மூலையில் கிடந்த பழைய கமராவையும் கிட்டத்தில் எடுக்கிற லென்ஸையும் தந்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அதை உண்மையாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் ஸ்டூடியோவில் பிள்ளைகள் தும்பைப்பூவுக்குக் கீழே இருக்கிறார்கள். குடை அளவு தும்பைப்பூ. பக்கத்தில் பூனை அளவு பொன்வண்டு. தாய்மாருக்கு நல்ல சந்தோசம். பிள்ளையின் கன்னத்தைப் பூவோடு ஒட்டி வருகிற மாதிரி வைக்க, தலைமயிரைச் சுற்றி மெல்ல மெல்ல வெட்ட எனக்குத்தான் கை வரும் என்று முதலாளி சொல்லுவார். பத்து வருடமாக நான் ஊரார் பிள்ளைகளைப் பூவுக்குள் இருத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதை அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நினைக்காத நாள் கிடையாது.

கலியாணம் கட்டி வருடம் ஒன்று போனதும் எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி தொடங்கும். நேரே கேட்க மாட்டார்கள். பிள்ளை என்ற சொல்லை எடுத்தால் கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். "என்ன, வயித்தில இன்னும் ஒரு புழு பூச்சி இல்லையோ?" என்பார்கள். சந்தையில், செத்தவீட்டில், கோயிலில் விபூதி வாங்குகிற வரிசையில், எங்கேயும் இந்தக் கேள்வி. முதலில் நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பிறகு அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வரத் தொடங்கியது. ஒருநாள் மரக்கறிச் சந்தையில் ஒரு மனுசி கத்தரிக்காயை நெரித்துப் பார்த்தபடி, "இன்னும் ஒரு பூச்சியும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். "கனக்க இருக்கு, பாருங்கோ அக்கா" என்று கமராவைத் திறந்து சாணி உருட்டுகிற வண்டை அவர் மூக்குக்குக் கிட்டக் காட்டினேன். வெட்டுக்கிளியையும் காட்டினேன். கும்பிடுபூச்சிக்கு வருவதற்குள் அவர் கத்தரிக்காயைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வயரிங் வேலை செய்கிறவர், பகல் முழுக்க ஆரோ வீட்டுக் கூரைக்குக் கீழே. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு பகிடியாகிவிட்டது. நான் படத்தோடு வந்தால், "என்ன, இண்டைக்குப் பூச்சி ஏதும் உண்டோ?" என்பார். "ரெட்டை" என்பேன். இப்படிச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் இருந்த முள்ளை நாங்கள் பிடுங்கிவிட்டோம். எங்கள் வீட்டுக்குள் பூச்சி என்றால் பூச்சிதான், வேறொன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு ஆள் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அது மாமி. என் கணவரின் தாய். புளியங்குளத்துக்கு உள்ளே ஒரு காணியில் நாலைந்து ஆடுகளோடு தனியே இருக்கிறார். மூன்று பிள்ளைகள் பெற்றவர். மூத்த மகனும் கடைசி மகளும் முள்ளிவாய்க்காலில் போய்விட்டார்கள், மிஞ்சினது நடுவில் பிறந்த இவர் மட்டும். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தோம், ஆட்டை ஆர் பார்ப்பது என்று வர மறுத்துவிட்டார். கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் அவர். அவரோ என் வயிற்றைப் பார்க்கவும் மாட்டார். இத்தனை இழந்த மனுசிக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை போலும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்துக்கு வைத்தியத்துக்குப் போய் வந்தோம். அது மாமிக்கும் தெரியும். ஒன்று சரிவரவில்லை, இன்னொன்று, பிறகும் ஒன்று. போன வருடம் மழைக்கு முந்தி கடைசித் தடவையும் சரிவரவில்லை என்று சொன்ன நாள், திரும்பி வருகிற பஸ் ஆனையிறவைத் தாண்டியது. பிறகு அவர் வெளியே பார்த்தபடி, "காணும்" என்றார். "இனி உம்மை ஊசி குத்த விடமாட்டன். நீர் எனக்குக் காணும்." நான் ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்ல எனக்கு நெஞ்சு வெடித்தது. மாமிக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். நேரம் பார்த்துச் சொல்லுவோம் என்றார். நேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் கமராவைத் தொடவில்லை. ஸ்டூடியோவுக்குப் போவேன், பிள்ளைகளை வெட்டுவேன், வருவேன். ஐப்பசியில் முதல் மழை ஒரு இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் கமராவை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, "தம்பளப்பூச்சி வந்திருக்கும், வாரும்" என்றார்.

தம்பளப்பூச்சி மழைக்கு மட்டும் மண்ணிலிருந்து வெளியே வரும். சிவப்புப் பட்டுத் துணியில் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும், தொட்டால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டு கிடக்கும். சின்ன வயதில் எங்கள் நெருப்புப்பெட்டிகளுக்குள் எல்லாம் அதுதான். இப்போது வயலுக்கு அடிக்கிற மருந்தோ என்னவோ, காண்பதே இல்லை. கமரா கையில் வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு மாரிக்கும் அதைத் தேடித் திரிந்தேன். தும்பி, வண்ணாத்துப்பூச்சி, சரக்கட்டை என்று எல்லாம் கிடைத்தன. அது மட்டும் கிடைக்கவில்லை.

மோட்டார்சைக்கிளைக் குளக்கட்டில் விட்டுவிட்டு அலைகரைப் பக்கம் இறங்கினோம். ஈரம் காயாத காலை. நாயுண்ணிப் பற்றையில் ஒவ்வொரு பூவின் நுனியிலும் ஒரு துளி. நிலம் முழுக்க ஈசல் சிறகு. முந்தின இரவு பறந்து முடிந்து உதிர்த்துவிட்டுப் போனவை, கால் வைத்த இடமெல்லாம் ஒட்டின. தொட்டாற்சுருங்கி நிலத்தோடு படர்ந்து நாவல் நிறத்தில் பூத்திருந்தது. அதன் பூவை எடுக்க வேண்டும் என்றால் இலையில் முழங்கால் படக்கூடாது, பட்டால் ஒரு பக்கமே சுருண்டு படம் கெட்டுப்போகும். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குப் பூச்சியிலோ பூவிலோ ஒரு ஆர்வமும் இல்லை. நான் சேற்றில் படுத்தால் என் மேல் மழை விழக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

முதலில் கண்டவர் அவர்தான். "இஞ்ச ஆரோ குங்குமம் கொட்டிவிட்டிருக்கினம்" என்றார். நான் ஓடிவந்து பார்த்தேன். ஈரமான கிரவல் மண்ணில், ஒரு புல்லின் அடியில், அது மெல்ல நடந்துகொண்டிருந்தது. நான் அப்படியே வயிறு மண்ணில் படப் படுத்துவிட்டேன். முசுறு ஒன்று கழுத்தில் கடித்தது. கையை எடுத்துத் தட்டவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். நடக்கிறபோது எடுத்தேன், என் மூச்சுப் பட்டுக் காலை இழுத்துக்கொண்டு உருண்டையாகக் கிடந்தபோதும் எடுத்தேன். நெடுநாளைக்குப் பிறகு அந்த நேரம் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மாமி. குளக்கட்டில் சிக்னல் அரையும் குறையும். அவரும் என்னைப்போலச் சந்தோசத்தில் இருந்தார், கத்திச் சொன்னார்.

"அம்மா, பூச்சி கிடைச்சிட்டுது. ஓம் அம்மா, கனகாலமாத் தேடினது, இப்பத்தான் கிடைச்சது. இவா படுத்திருக்கிறா. அசையக்கூடாதாம். நான் பிறகு எடுக்கிறன்."

அவர் போனைப் பைக்குள் போட்டார். நான் அடுத்த படத்தை எடுத்தேன். மாமியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில்தான் பூச்சி என்றால் பூச்சி. மாமி வீட்டில் அல்ல.

ஈரத்தில் கிடந்ததற்குப் பலன் அடுத்த நாளே கிடைத்தது. தடிமன், இருமல், காய்ச்சல். வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். மாமி ஒவ்வொரு பின்னேரமும் எடுப்பவர்தான், ஆனால் அந்த நாட்களில் காலையிலும் எடுத்தார். இவா சாப்பிட்டாவோ, படுத்திருக்கிறாவோ, பாரம் தூக்க விடாதை. இவ்வளவுதான் கேட்பார், உடனே வைத்துவிடுவார். இவாவுக்குச் சுகமில்லை, வேலைக்கும் போகவில்லை என்று இவர் சொன்னதற்கு அடுத்த நாள் காலை, வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மாமி இரண்டு பைகளோடு இறங்கினார். ஆட்டைப் பக்கத்துக் காணிக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். எந்தக் காலத்திலும் அப்படி வந்ததில்லை. இவர் வேலைக்குப் போயிருந்தார், வீட்டில் நான் மட்டும்.

நான் எழும்பப் போனேன். "எழும்பாதை, எழும்பாதை. படு பிள்ளை" என்று வாசலில் நின்றே கையைக் காட்டினார்.

"ஒண்டுமில்லை மாமி. சாதாரணம்தான்."

"சாதாரணம் எண்டு சொல்லக்கூடாது. தொடக்கத்திலதான் கவனமா இருக்கோணும்."

தடிமனுக்கு இவ்வளவு கவனமா என்று நினைத்தேன். மாமி நேரே குசினிக்குள் போய்விட்டார். மல்லி அவித்துக்கொண்டு வருவார் என்று பார்த்தால், உழுத்தம்மாவில் நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டிக்கொண்டு வந்தார். வறுத்து இடித்துக் கையோடு கொண்டுவந்த மா. ஊர்க்கோழி முட்டை, முருங்கையிலை, ஒரு போத்தல் நல்லெண்ணெய் எல்லாம் அந்தப் பைகளுக்குள் இருந்தன. காய்ச்சல்காரிக்குக் களி இறங்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு முழுவதையும் சாப்பிட்டேன். அவருடைய முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. பத்து வயது குறைந்திருந்தது.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்தினார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, ஆனாலும் சாத்தினார். கட்டில் ஓரத்தில் இருந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, பூச்சி எப்பிடி இருக்கு?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. என் படங்களைப் பற்றி மாமி கேட்பது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கு மாமி. எத்தினை மாரி பார்த்தனாங்கள், இந்த முறைதான் கிடைச்சது."

"படம் எடுத்தாச்சோ?"

"எடுத்தனான் மாமி. பாக்கப் போறியளோ?"

மாமி சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "நான் பாக்கலாமோ?" என்று கேட்டார். பயந்த மாதிரி இருந்தது.

போனுக்கு மாற்றி வைத்திருந்த படங்களில், உருண்டையாகக் கிடந்த படம்தான் எனக்குப் பிடித்தது. அதையே திறந்து கொடுத்தேன். சுற்றிவர இருட்டு, நடுவில் சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு கிடக்கிற ஒன்று. மாமிக்கு ஒரு கண்ணில் வெண்புரை. போனைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"சிவப்பா இருக்கு."

"ஓம் மாமி."

"இது தலையோ?"

"ஓம், அதுதான் தலைப்பக்கம்."

"எவ்வளவு இருக்கும் இப்ப?"

"குண்டுமணி அளவு இருக்கும் மாமி."

"குண்டுமணி அளவு" என்று மாமி தனக்குள் சொன்னார். பிறகு போனை இரண்டு கைகளாலும் பிடித்து, தீபத்தை ஒற்றுகிற மாதிரி ஒரு கண்ணிலும் மற்றக் கண்ணிலும் ஒற்றினார். தோள் குலுங்கியது. நான் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்து வருசம் பிள்ளை" என்றார். "ஒருநாளாவது உன்னட்டக் கேட்டனானோ? கேட்டால் நீ நோவாய் எண்டு கேக்கேல்லை. வாய் வரைக்கும் வரும். விழுங்கிப்போட்டு இருப்பன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. களி, நல்லெண்ணெய், பாரம் தூக்க விடாதை, சாத்தின கதவு எல்லாம் ஒரேயடியாக விளங்கின. இவர் வரட்டும், இவரே சொல்லட்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்குள் மாமி என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து நோகாமல் உருவத் தொடங்கிவிட்டார். அந்தக் கை பட்டுக்கொண்டிருக்க ஒரு நிமிடம்கூடப் பொறுக்க என்னால் முடியவில்லை.

"மாமி, இது தம்பளப்பூச்சி" என்றேன்.

மாமி சிரித்தார். "ஓம். எங்கட தம்பளப்பூச்சிதான்" என்றார். செல்லப்பெயர் வைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

"இல்லை மாமி. உண்மையான தம்பளப்பூச்சி. குளக்கட்டடியில, மண்ணில கண்டது. படம் எடுக்கத்தான் நான் நிலத்தில படுத்திருந்தனான். அவர் அதைத்தான் போனில சொன்னவர்."

உருவின கை நின்றது. மாமி போனைத் திரும்ப எடுத்தார். நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கால் தெரியுது."

பாதி சொல்லி மீதியை வைத்திருக்க என்னால் முடியவில்லை. கடைசித் தடவையும் சரிவரவில்லை, இனி யாழ்ப்பாணம் போவதில்லை, விட்டுவிட்டோம் என்பதையும் சொல்லிவிட்டேன். அழுது அழுது சொன்னேன். பத்து வருடத்தில் எந்த வைத்தியருக்கு முன்னாலும் அப்படி அழுததில்லை. எனக்காக அழுதேனா, மாமிக்காக அழுதேனா என்று தெரியாது. என் பிள்ளையை மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். இல்லாத பிள்ளைதான். ஆனாலும் பார்த்துவிட்டேன்.

மாமி அழவில்லை. என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் கிடக்கு. மல்லி அவிக்கிறன்" என்று எழும்பிப் போனார். குசினியில் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனேன். மாமி அடுப்புக்கு முன்னால் மல்லிப் போத்தலைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

"நீ பயப்பிடாதை பிள்ளை" என்றார் என்னைக் கண்டதும். "ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டு மாசம் ஆக முந்திச் சொல்லக்கூடாதெண்டு நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. கோயிலிலகூட வாய் திறக்கேல்லை. உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அந்த நேரத்திலும் என் மானத்தைத்தான் அவர் யோசித்தார். நான் அவர் கையிலிருந்த போத்தலை வாங்கினேன். மாமி அடுப்பைத் தணித்தார். பிறகு மெல்லமாகச் சொன்னார்.

"அதுகள் ரெண்டுக்கும் மட்டும் சொல்லிப்போட்டன்."

எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை.

"அதுகளுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சுது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை போனை வைச்ச கையோட போய்ச் சொல்லிப்போட்டன். இனி நான் என்னெண்டு போய் இல்லையெண்டு சொல்லுறது?"

அவருடைய மகன் பின்னேரம் வந்தார். வாசலிலேயே தாயின் செருப்பைக் கண்டு சந்தோசத்தோடு உள்ளே வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நின்றுவிட்டார். நான்தான் சொன்னேன். சொல்லி முடியும் வரை அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்க்கவில்லை. பிறகு தாயின் காலடியில் நிலத்தில் இருந்தார். "நான் வடிவாச் சொல்லியிருக்கோணும் அம்மா" என்றார். மாமி அவர் தலையில் ஒட்டியிருந்த சீமெந்துத் தூசைத் தட்டிவிட்டு, இப்படியே குளிக்காமல் இருந்தால் இவளுக்குத் தடிமன் எப்படி மாறும் என்று ஏசினார்.

மாமி என் காய்ச்சல் விடும்வரை நின்றார். களி கிண்டவில்லை, மல்லியும் ரசமும்தான். முட்டைகளைப் பொரித்து இரண்டு பேருக்கும் தந்தார். வெளிக்கிடுகிற அன்று பையை மடித்துக்கொண்டே, "என்னோட ஒருக்கா வாறியோ பிள்ளை? வந்திட்டு அடுத்த பஸ்ஸில திரும்பலாம்" என்று கேட்டார். தனியே அந்த வீட்டுக்குள் போகப் பயந்தார் என்பது தெரிந்தது. போரில் பிணங்களைத் தாண்டி வந்த மனுசி. நான் சட்டை மாற்றிக்கொண்டு கூடப் போனேன். கமராவை எடுக்கவில்லை.

பஸ்ஸில் மாமி யன்னல் பக்கம் இருந்தார். மாங்குளம் தாண்டின பிறகு ரோட்டோரம் முழுக்க ஆவரசு மஞ்சளாகப் பூத்திருந்தது. முதல் மழைக்கே இப்படி. வேறு நாளென்றால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். அன்றைக்கு அந்தப் பூக்களில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மழை பெய்தால் காணும், இந்த மண்ணில் எல்லாம் முளைக்கிறது, எல்லாம் ஊர்கிறது, எல்லாம் காய்க்கிறது. எங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று அந்த யன்னலைப் பார்த்துக் கேட்டேன். மாமி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புளியங்குளம் வரும்வரை விடவில்லை.

வீடு பூட்டினபடி இருந்தது. மாமி திறந்தார். முன்னறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இரண்டு படங்கள். மகனுடையது அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பித்தது. மகளுடையது பள்ளிக்கூடத்தில் எல்லோரோடும் நின்ற படத்தில் இவளை மட்டும் வெட்டி எடுத்தது, தோளில் பக்கத்துப் பிள்ளையின் கை இன்னும் இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் புதிதாகப் பொட்டு வைத்திருந்தார். முன்னால் ஒரு சின்னத் தட்டில் கற்கண்டு. நல்ல செய்தி சொன்னால் கற்கண்டு கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருக்கிறார். அவர் இல்லாத நாட்களில் தட்டு முழுக்க எறும்பு ஏறிவிட்டது.

மாமி தட்டை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் எறும்பை ஊதிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். விளக்கைக் கொளுத்தினார். நான் பின்னால் நின்றேன். என்ன சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். படங்களைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையள்" என்றார் கடைசியில், வீட்டுக்குள் இருக்கிற ஆட்களோடு கதைக்கிற சாதாரணக் குரலில். "அது இப்ப இல்லையாம். கொஞ்சம் பிந்துமாம்."

சொல்லிவிட்டு, சரிதானே என்று கேட்கிற மாதிரித் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.